தூத்துக்குடியில் பார்த்திருக்கும் 2018 ஸ்விஃப்ட்: வாங்கும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

நெல்லை ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். பள்ளிக்குச் சென்று வரவும், மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் எங்களுக்கு ஒரு பெட்ரோல் கார் தேவைப்படுகிறது. புதிய காருக்காகப் பெருங்கடன் வாங்க மனமில்லாததால், நான்கரை லட்சம் ரூபாய்க்குள் பழைய கார் ஒன்றை வாங்கலாம் என்று முடிவு செய்தோம். தூத்துக்குடியில் ஒரு தரகர் மூலம் 2018-ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட் ஒன்றைப் பார்த்திருக்கிறோம். டிஎன் 69 பதிவு, ஒரே உரிமையாளர், ஓடோமீட்டரில் 46,000 கிலோமீட்டர், சொல்லும் விலை 4.60 லட்சம்.

வண்டி பார்ப்பதற்குப் புதியது போலவே பளபளப்பாக இருக்கிறது. ஆனால் 2023 டிசம்பரில் தூத்துக்குடி எப்படி மூழ்கியது என்பதை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. அந்த மழையில் வண்டி மேட்டுப் பகுதியில் நின்றது என்று தரகர் சொல்கிறார். அதை நம்புவதற்கோ மறுப்பதற்கோ என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. இருபத்தைந்தாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்தால்தான் வண்டியை நிறுத்தி வைப்பேன் என்றும் அவர் சொல்கிறார்.

தண்ணீர் புகுந்த வண்டியையும், விபத்தில் சிக்கிய வண்டியையும் எப்படி அடையாளம் காண்பது? ஆவணங்களில் எவற்றைப் பார்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டினால் மிகவும் உதவியாக இருக்கும்.

கோவில்பட்டி பட்டறை:

டீச்சர், வணக்கம். பழைய வண்டிகளைப் பிரித்துப் பார்ப்பதே என் தொழில் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். முன்பணத்தை இப்போது கொடுக்காதீர்கள். வண்டியைப் பார்த்து முடிக்கும் வரை கையில் பணம் இருந்தால்தான் பார்வை நேராக இருக்கும்.

நீங்கள் பளபளப்பைப் பற்றிச் சொன்னீர்கள். விற்பனைக்கு வரும் எந்த வண்டியையும் சில ஆயிரம் ரூபாய்ச் செலவில் பாலிஷ் போட்டு, உள்ளே இருக்கைகளைக் கழுவி, எஞ்சின் பகுதியைத் துடைத்து மினுமினுப்பாக்கிவிடலாம். ஆகவே பாலிஷ் துணி போகாத இடங்களை மட்டும் பார்த்தால் போதும் என்பதே என் வழி. அதற்குப் பகல் வெளிச்சம் வேண்டும், வண்டி நனையாமல் இருக்க வேண்டும், ஒரு டார்ச்சும் பழைய துணியும் கையில் வேண்டும். மாலை நேரத்திலோ, மழை பெய்து ஓய்ந்த பிறகோ வண்டி பார்க்க அழைத்தால் வேறு நாள் கேளுங்கள். நனைந்த உடலில் பெயின்ட் வேறுபாடு தெரியாது.

முதலில் தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. தாமிரபரணி வெள்ளமும் சேர்ந்துகொள்ள, தூத்துக்குடி நகரின் பல தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. அந்த ஊர் வண்டி என்றாலே ஒதுக்க வேண்டியதில்லை. மேட்டில் நின்ற வண்டிகளும் ஏராளம். ஆனால் சோதிக்காமல் வாங்கக் கூடாது.

நான்கு இருக்கை பெல்ட்டுகளையும் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவிவிடுவார்கள். உருளைக்குள் சுருண்டிருக்கும் கடைசி ஒரு முழத்தில் செம்மண் கறையோ தண்ணீர் நின்ற கோடோ அப்படியே இருக்கும். பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் சீட்டில் உற்பத்தி மாதமும் ஆண்டும் இருக்கும். 2018 வண்டியில் 2024 பெல்ட் இருந்தால், அதை ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். அடுத்து, முன் இருக்கையைப் பின்னால் தள்ளி, அது ஓடும் தண்டவாளத்தையும் தரையில் இறுக்கியிருக்கும் போல்ட்டுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வழக்கமான ஈரத்தால் வரும் துரு ஆங்காங்கே லேசாகத் தெரியும். தண்ணீரில் மூழ்கிய வண்டியில் எல்லாப் போல்ட்டிலும் ஒரே மாதிரியான பழுப்புத் துரு இருக்கும். தரைவிரிப்பை ஓரத்தில் தூக்கி, அடியில் உள்ள பஞ்சை அழுத்திப் பாருங்கள். விரிப்பு உலர்ந்திருந்தாலும் பஞ்சு ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். தண்ணீர் போனால் வடியாமல் நிற்கும் இடம் அது.

டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். ஃப்யூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினால், கனெக்டர்களின் ஓரத்தில் பச்சைப் பூப்பு இருக்கிறதா என்று தெரியும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் பெரிய தொல்லை எஞ்சினில் வருவதில்லை, இந்த வயர்களில்தான் வருகிறது. எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம். வயரிங் அப்படியல்ல, இன்று பவர் விண்டோ நிற்கும், ஆறு மாதம் கழித்து பிரேக் தொடர்பான ஏ.பி.எஸ். விளக்கு எரியும், காரணத்தைக் கண்டுபிடிக்கவே செலவாகும். தூத்துக்குடியின் உப்புக் காற்றும் உப்பு கலந்த நீரும் இந்த அரிப்பை இன்னும் விரைவாக்கும்.

வாசனையையும் கவனியுங்கள். வண்டிக்குள் பெர்ஃப்யூம் மணம் மிகுதியாக இருந்தால் கண்ணாடிகளை மூடி வெயிலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு, பிறகு கதவைத் திறந்து மோந்து பாருங்கள். பூசணை வாடையை எந்த வாசனைப் பொருளாலும் அவ்வளவு நேரம் மறைக்க முடியாது.

விபத்து விஷயத்தில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பம்பர், ஃபெண்டர், கதவு ஆகியவை கழற்றி மாட்டக்கூடிய பாகங்கள். நம் ஊர்த் தெருக்களில் ஏழெட்டு ஆண்டுகள் ஓடிய வண்டியில் இவற்றில் ஒன்றிரண்டு பெயின்ட் அடிக்கப்பட்டிருப்பது இயல்பு. அதற்காக வண்டியை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்), கூரை, முன்பக்க ஏப்ரன் (எஞ்சின் அறையின் பக்கத் தகடு), சேஸிஸ் லெக் (அடியில் முன்னோக்கி நீளும் சட்டம்) ஆகியவை வண்டியின் எலும்புகள். அவற்றைத் தட்டி நிமிர்த்தும் டிங்கரிங் வேலை நடந்திருந்தால் எவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். அடுத்த விபத்தில் உள்ளே இருப்பவரைக் காக்க வேண்டியவை அவைதான்.

கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கைக் கையால் இழுத்தால் வந்துவிடும். அதன் அடியில் தொழிற்சாலையில் வைத்த ஸ்பாட் வெல்டுகள் சிறிய வட்டக் குழிகளாகச் சீரான இடைவெளியில் இருக்க வேண்டும். அவை காணாமல் வழவழப்பாக இருந்தால் பட்டி (நசுங்கலை நிரப்பும் பசை) வைத்திருக்கிறார்கள் என்று பொருள். பானெட்டின் கீல்களிலும் ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளிலும் ஸ்பேனர் பட்டு பெயின்ட் உதிர்ந்திருந்தால் அவை ஒருமுறையேனும் கழற்றப்பட்டிருக்கின்றன. பெயின்ட் தடிமனை அளக்கும் மீட்டர் வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்துச் சென்றால் வேலை எளிது. தொழிற்சாலைப் பெயின்ட் பொதுவாக 90 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். 200-ஐத் தாண்டினால் மறுபடி அடித்தது. 500-க்கு மேல் போனால் உள்ளே பட்டி இருக்கிறது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அதில் மீட்டர் வேலை செய்யாது.

கண்ணாடிகளின் மூலையில் உள்ள முத்திரையையும் ஒப்பிடுங்கள். எல்லாவற்றிலும் ஒரே ஆண்டுக் குறி இருக்க வேண்டும். முன்கண்ணாடி மட்டும் வேறு என்றால் கல் பட்டிருக்கலாம். ஒரே பக்கத்தில் இரண்டு கண்ணாடிகள் வேறாக இருந்தால், அந்தப் பக்கம் ஏதோ பலமாக மோதியிருக்கிறது.

காப்பீட்டுப் பணியாளர்:

பட்டறை நண்பர் சொன்னவற்றோடு, தாளிலேயே வெள்ளத்தைக் கண்டுபிடிக்கும் ஒரு வழியைச் சேர்க்க விரும்புகிறேன். விற்பவரிடம் 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளின் காப்பீட்டுப் பாலிசிகளையும் கேளுங்கள். இழப்பீடு கோராமல் இருந்தால் பிரீமியத்தில் கிடைக்கும் என்.சி.பி. தள்ளுபடி, முதல் புதுப்பித்தலில் 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதத்தில் நிற்கும். 2018-இல் வாங்கிய வண்டிக்கு ஒருமுறையும் கிளெய்ம் செய்யவில்லை என்றால் 2023 பாலிசியில் 50 சதவீதம் இருக்க வேண்டும். அதே 50 சதவீதம் 2024-இலும் தொடர்ந்தால் அந்த வெள்ளத்துக்காகக் கிளெய்ம் செய்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 2024-இல் அது சுழியமாகியிருந்தால் இடைப்பட்ட காலத்தில் ஏதோ ஒரு சேதத்துக்குப் பணம் வாங்கியிருக்கலாம். எதற்கு என்று நேரடியாகக் கேட்க வேண்டும்.

இதற்கு இரண்டு விதிவிலக்குகள் உண்டு. தனியாகப் பணம் கட்டி என்.சி.பி. பாதுகாப்பு எடுத்திருந்தால் கிளெய்முக்குப் பிறகும் தள்ளுபடி தொடரலாம். மூன்றாம் நபர் காப்பீடு (தன் வண்டியால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கானது) மட்டும் வைத்திருந்தவர் வெள்ளச் சேதத்துக்குக் கிளெய்ம் செய்யவே முடியாது. ஆகவே அந்தப் பாலிசியிலிருந்து நமக்கு எதுவும் தெரியவராது. எனவே பாலிசியைப் பார்த்த பிறகும் இருக்கை பெல்ட்டை இழுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

இன்னொன்று மிக முக்கியமானது. பழுதுச் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு இழப்பாகக் கருதி உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிடுவார்கள். வண்டி ஏலத்தில் போகும். ஏலத்தில் எடுப்பவர் அதைச் சரிசெய்து, தன் பெயருக்கு மாற்றாமலேயே, முதல் உரிமையாளர் கையெழுத்திட்ட படிவங்களை வைத்துக்கொண்டு விற்பது நடக்கிறது. அத்தகைய வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யிலும் ‘ஒரே உரிமையாளர்’ என்றுதான் இருக்கும். ஆகவே தரகரோடு பேசி முடிக்காமல், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரை நேரில் சந்தித்து, அவருடைய அடையாள அட்டையையும் ஆர்.சி.யையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், படிவங்களில் முன்பே கையெழுத்து வாங்கிவிட்டோம் என்று சொன்னால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.

அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவெண்ணைக் கொடுத்தால் பதிவு நாள், கடன் விவரம், காப்பீட்டு முடிவு நாள் ஆகியவை தெரியும். நிலுவையில் உள்ள அபராத ரசீதுகளையும் இணையத்தில் பார்க்கலாம். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டு, பொறித்த இடத்தைச் சுற்றி அரம் போட்ட தடமோ வெல்டிங் தடமோ இருக்கிறதா என்று விரலால் தடவியும் பாருங்கள்.

நாகர்கோவில் ஓட்டுநர் பயிற்சி:

ஓட்டிப் பார்ப்பதைப் பற்றி நான் சொல்கிறேன், டீச்சர். நீங்கள் வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனவுடன் பானெட்டைத் திறந்து, எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்பே சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் மட்டும் கேட்கும் சத்தத்தையோ வரும் புகையையோ மறைக்க நினைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரைப் பாருங்கள். எஞ்சின் விளக்கு, ஏ.பி.எஸ். விளக்கு, ஏர்பேக் விளக்கு ஆகிய மூன்றும் எரிய வேண்டும். ஏர்பேக் விளக்கு சில நொடிகளில் தானாக அணையும். அது எரியவே இல்லை என்றால் மிகுந்த எச்சரிக்கை தேவை. ஏர்பேக் வெடித்த வண்டியில் புதியது போடாமல் விளக்கின் இணைப்பை மட்டும் துண்டித்திருக்கலாம்.

ஸ்டார்ட் ஆனதும் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் அடர்த்தியான வெண்புகை நிற்காமல் வந்தால் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) எரிகிறது. ஆயில் மூடியின் உட்புறம் மோர் போல வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீரோ கூலண்டோ கலந்திருக்கிறது. சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் திறக்காதீர்கள்.

நல்ல சாலை, குண்டும் குழியுமான சாலை, புறவழிச்சாலை என்று மூன்றிலும் ஓட்டுங்கள். பாட்டையும் ஏ.சி.யையும் முதலில் நிறுத்திவிடுங்கள். குழியில் இறங்கும்போது முன்பக்கம் ‘டக்’ என்ற சத்தம் வந்தால் சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராடோ லோயர் ஆர்ம் புஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். அவை பெரிய செலவல்ல. வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் பிரேக் டிஸ்க் சீரற்றுத் தேய்ந்திருக்கலாம். நேரான சாலையில் கையை லேசாக விட்டதும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே சக்கர அலைன்மென்ட்டைச் சந்தேகியுங்கள். மூன்றாம் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்தால், எஞ்சின் சத்தம் ஏறுவதற்கேற்ப வேகமும் ஏற வேண்டும். சத்தம் மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. கடைசியில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஓட, பத்து நிமிடம் ஏ.சி. போட்டு உட்காருங்கள். ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது குளிராமல் போனால் கன்டென்சர் விசிறியைப் பார்க்க வேண்டும்.

நெல்லை ஆசிரியை:

உங்கள் மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடியே ஒரு மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு பகலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். உரிமையாளரைச் சந்திக்க வேண்டும் என்று வற்புறுத்தியதும் தரகர் அழைத்துச் சென்றார். ஓய்வுபெற்ற துறைமுகப் பணியாளர், எல்லாத் தாள்களையும் ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். 2023, 2024 இரண்டு பாலிசிகளிலும் என்.சி.பி. 50 சதவீதம். பெல்ட், ஸ்டெப்னிக் குழி, இருக்கைப் போல்ட் எல்லாம் சுத்தமாக இருந்தன. மூன்று விளக்குகளும் எரிந்து முறைப்படி அணைந்தன.

நான்கு சந்தேகங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. வலது பின்கதவில் மீட்டர் 240 காட்டியது; அதை ஒட்டிய பில்லரில் 120. வண்டியின் அடிப்பகுதி முழுவதும் அண்மையில் கறுப்புப் பூச்சு அடித்திருக்கிறார்கள். பின் டயர் இரண்டிலும் 2118 என்றும், முன் டயர்களில் 1022 என்றும் எண்கள் இருக்கின்றன. ஆர்.சி.யில் ஒரு வங்கியின் பெயர் இருக்கிறது. கடன் முடிந்துவிட்டது என்கிறார். இவற்றுக்கு என்ன செய்வது, அண்ணாச்சி? வேறொருவர் முன்பணம் தரத் தயாராக இருக்கிறார் என்று தரகர் அவசரப்படுத்துகிறார்.

கோவில்பட்டி பட்டறை:

வேறொருவர் வாங்கிக்கொண்டால் வாங்கிக்கொள்ளட்டும், டீச்சர். தமிழ்நாட்டில் ஸ்விஃப்ட்டுக்குப் பஞ்சமே இல்லை.

கதவில் 240, பில்லரில் 120 என்றால் கதவில் கீறலோ சிறு நசுங்கலோ ஏற்பட்டுப் பெயின்ட் மட்டும் அடித்திருக்கிறார்கள். வண்டியின் எலும்பு நன்றாக இருக்கிறது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம். டயரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2118 என்றால் 2018-இன் 21-ஆவது வாரம். வண்டியோடு வந்த டயராகவே இருக்க வேண்டும். 46,000 கிலோமீட்டர் என்ற கணக்குக்கு இது பொருந்தி வருகிறது. ஓடோமீட்டரைத் திருத்துவது எளிது என்பதால், கம்பெனி சர்வீஸ் மையத்தின் பில்களில் ஒவ்வொரு முறையும் பதிவான கிலோமீட்டர் சீராக ஏறியிருக்கிறதா என்றும், கிளட்ச் பெடல் ரப்பரின் தேய்மானம் அதற்கு ஒத்துப் போகிறதா என்றும் பாருங்கள். ஆனால் டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் வரிகள்) எவ்வளவு மிச்சமிருந்தாலும், ஏழு ஆண்டுகளான ரப்பரை நம்பிக் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகக் கூடாது. இரண்டு புது டயரின் விலையைப் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

நான் யோசிப்பது அந்தக் கறுப்புப் பூச்சைத்தான். கடலோர ஊரில் துருவுக்கு எதிராக அதை அடிப்பது நல்ல பழக்கம். விற்பதற்குச் சற்று முன் அடித்தால் அடியில் இருப்பதை மறைக்கவும் அது உதவும். எப்போது அடித்தது என்பதற்கு பில் கேளுங்கள். பிறகு லிஃப்ட் உள்ள பட்டறையில் வண்டியைத் தூக்கி, சேஸிஸ் லெக்கின் இரண்டு பக்கத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே வடிவில் நேராக இருக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற தகடு மந்தமாக ஒலிக்கும். அதே பட்டறையில், வண்டியின் கணினியில் பதிவான பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனரையும் மாட்டச் சொல்லுங்கள். பழுதுக் குறியீடு எதுவும் இல்லை என்பது மட்டும் போதாது. குறியீடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம் எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். அது பத்துப் பதினைந்து கிலோமீட்டர் என்று காட்டினால், உங்களுக்காகவே அழித்திருக்கிறார்கள். வண்டியை லிஃப்ட்டில் ஏற்ற உரிமையாளர் சம்மதிக்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

காப்பீட்டுப் பணியாளர்:

வங்கிப் பெயரைப் பொறுத்தவரை, கடன் முடிந்தது என்ற வாய்ச்சொல் போதாது. வங்கியின் தடையின்மைக் கடிதமும், கடன் முடிந்ததை அறிவிக்கும், வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-உம் அவரிடம் இருக்க வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதைக் கொடுத்து வங்கிப் பெயரை அவரே நீக்கிய பிறகு முழுப் பணத்தையும் கொடுப்பதுதான் பாதுகாப்பு. வங்கிக் கடிதத்துக்குக் காலவரம்பு உண்டு. பழையதாக இருந்தால் புதிதாக வாங்கச் சொல்லுங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 ஆகியவற்றில் அவர் உங்கள் முன்னிலையில், உங்கள் பெயரும் முகவரியும் நிரப்பப்பட்ட நிலையில் கையெழுத்திட வேண்டும். மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாள்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு. இது விற்பவருக்கும் நன்மை என்பதை அவரிடம் சொல்லுங்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது.

வண்டி கைக்கு வந்த 14 நாள்களுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மூன்றாம் நபர் பாதுகாப்பு வண்டியோடு வந்துவிடும். உங்கள் வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படித் தானாக வராது. அவருடைய 50 சதவீதத் தள்ளுபடி அவருக்கே உரியது என்பதால், மீதிக் காலத்துக்கான வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். அதையும் டயர் செலவோடு சேர்த்து இப்போதே கணக்கில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

நெல்லை ஆசிரியை:

உரிமையாளரிடம் பேசிவிட்டேன். லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்கவும் ஸ்கேனர் மாட்டவும் தயங்காமல் சம்மதித்தார். பூச்சு அடித்த பில்லையும் தேடி எடுத்து வைப்பதாகச் சொன்னார். வங்கிக் கடிதம் பழையது என்பதால் புதியது வாங்கித் தருகிறார். பெயர் நீக்கம் முடியும் வரை முன்பணம் இல்லை என்று தரகரிடமும் தெளிவாகச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலை பட்டறையில் வண்டியைத் தூக்கிப் பார்க்கிறோம். சேஸிஸ் லெக்கின் படங்களை எடுத்து இங்கே பதிவிடுகிறேன், அண்ணாச்சி ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும்.